சபராளியும் சாலையின் ஹக்கும்

 

கீழக்கரையாயினும் காயல்பட்டினமாயினும் கூத்தாநல்லூராயினும், சபராளி ஒருவரேனும் இல்லாத தெருவை நம் ஊர்களில் காண்பது அரிது. துபாயிலோ ஷார்ஜாவிலோ அபூதாபியிலோ இருந்து அவர் தொலைபேசியில் பேசும்போது, சாப்பிட்டீர்களா என்று கேட்கிறோம். வெயில் எப்படி என்று கேட்கிறோம். சம்பளம் வந்துவிட்டதா என்றும் கேட்கிறோம். ஆனால், அவர் காலையிலும் மாலையிலும் கடந்து செல்லும் சாலை எப்படி இருக்கிறது என்று கேட்பவர் மிகச் சிலரே. ஒரு குடும்பத்தின் உலை கொதிப்பது அந்தச் சாலையிலிருந்து அவர் நலமாகத் திரும்புவதைப் பொறுத்தே இருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆகவே, இம்மாதம் அதைப் பற்றியே சிறிது பேசுவோம்.

நம்மவர் அங்கே சென்று இறங்கியதும் முதலில் மாற வேண்டியது அவருடைய கண்ணின் பழக்கமாகும். இங்கே நாம் சாலையின் இடப்புறம் செல்கிறோம். அங்கே வலப்புறம் செல்ல வேண்டும். சாலையைக் கடக்க நிற்கும்போது இங்கே முதலில் வலப்பக்கம் பார்ப்போம். அங்கே முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். வட்டச் சந்திப்பில் நுழையும்போதும் இடப்பக்கமிருந்து வரும் வண்டிக்கே முன்னுரிமை. முப்பது ஆண்டு காலம் ஒரு பக்கம் பார்த்துப் பழகிய கண் ஒரே வாரத்தில் மாறிவிடாது. வண்டி ஓட்டாதவரும் இந்த ஆபத்துக்கு விலக்கல்லர். விரைவுச் சாலையின் குறுக்கே ஓடிக் கடப்பது நம் ஊரில் அன்றாடக் காட்சி. அங்கோ, 2025 மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்த புதிய போக்குவரத்துச் சட்டம் 80 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகச் சாலைகளைக் கால்நடையாகக் கடப்பதைத் தடை செய்கிறது. மேம்பாலமோ சுரங்கப் பாதையோ சற்றுத் தொலைவில் இருப்பினும் நடந்து சென்று அதன் வழியே கடப்பதே அறிவுடைமை.

இனி, அங்குள்ள ஓட்டுநர்களின் பழக்கங்களைப் பார்ப்போம். சாலைகள் அகலமானவை, விளக்குகள் ஒளிமிக்கவை, சட்டங்களும் கடுமையானவை. அப்படியிருந்தும், இடக்கோடி விரைவுத் தடத்தில் சென்றால், பின்னால் ஒரு பெரிய வண்டி மின்னலெனப் பாய்ந்து வந்து, கையெட்டும் தூரத்தில் ஒட்டிக்கொண்டு, முன்விளக்கை அடித்து அடித்து அணைக்கும். இடக்கோடியில் வந்தவர், வலப்பக்கம் பிரியும் வழி நெருங்கியதும் நான்கு தடங்களையும் குறுக்கே அறுத்துக்கொண்டு, சைகை விளக்கும் போடாமல் திரும்புவார். மற்றொருவர் கைப்பேசியைப் பார்த்தபடியே வண்டியைத் தடம் மாற்றுவார். இவற்றையெல்லாம் அந்நாட்டு மக்களின் குறையென்று மட்டும் சொல்லி முடித்துவிடுவது நியாயமன்று. அங்கே வண்டி ஓட்டுவோரில் பெரும்பாலோர் நம்மைப் போலப் பல தேசங்களிலிருந்து சென்றவர்களே. ஒவ்வொருவரும் தத்தம் ஊர்ச் சாலையின் பழக்கத்தைப் பெட்டியோடு சேர்த்துக் கொண்டு சென்றிருக்கிறார்கள். நம் நாட்டின் கதையும் பெருமைப்படத் தக்கதன்று. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய அரசின் அறிக்கையே கூறுகிறது.

இத்தகைய சாலையில் சிக்கிய சபராளி பெரும்பாலும் மூன்று வழிகளுள் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார். மூன்றுமே தவறானவை.

முதலாவது, 'ஊரோடு ஒத்து வாழ்' என்று சொல்லிக்கொண்டு தாமும் அவ்வாறே ஓட்டத் தொடங்குவது. இதற்கான விலையை அவர் அறியவேண்டும். 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அபராத அட்டவணையில், முன் வண்டியை ஒட்டிச் சென்றால் 400 திர்ஹமும் 4 கரும்புள்ளிகளும், கைப்பேசியைக் கையில் பிடித்துப் பேசினால் 800 திர்ஹமும் 4 புள்ளிகளும், சிவப்பு விளக்கைத் தாண்டினால் 1,000 திர்ஹமும் 12 புள்ளிகளும் விதிக்கப்பட்டன. 24 புள்ளிகள் சேர்ந்துவிட்டால் ஓட்டுநர் உரிமம் கையை விட்டுப் போய்விடும். வண்டி ஓட்டுவதையே பிழைப்பாகக் கொண்டவருக்கு அத்துடன் வேலையும் போயிற்று என்பதுதான் பொருள்.

இரண்டாவது, சினங்கொண்டு மல்லுக்கு நிற்பது. பின்னால் விளக்கடிப்பவருக்குப் பாடம் புகட்டுவதாக எண்ணி, வேண்டுமென்றே மெதுவாகச் செல்வார் சிலர். கண்ணாடியை இறக்கிக் கையால் சைகை காட்டுவார் வேறு சிலர். தகாத சைகையும் வசைச்சொல்லும் அங்கே குற்றமாகும். வழக்குப் பதிவாகி, வெளிநாட்டவர் நாடு கடத்தப்படவும் கூடும். ஒரு நொடிக் கோபத்துக்காகப் பல ஆண்டுப் பிழைப்பை இழப்பது எத்தகைய வாணிபம்?

மூன்றாவது, 'எல்லாம் நஸீபு' என்று கையை விரித்துவிடுவது. விதியை நம்புவது ஈமானின் பகுதி. ஆனால் இருக்கைப் பட்டியை அணியாமல் இருப்பதற்கு விதியைச் சாக்காகக் காட்டுவது ஈமான் அன்று, சோம்பல். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை நம் மக்தபில் ஓதும் சிறுவனும் அறிவான்.

அப்படியானால் செய்ய வேண்டியது யாது? விட்டுக்கொடுப்பதுதான். இது கோழைத்தனம் அன்று. கணக்குத் தெரிந்தவனின் செயல். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 33 மீட்டர் ஓடிவிடுகிறது. முன்னே செல்லும் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைக் கடந்ததும் மூன்று விநாடிகளை எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் நீங்களும் அந்தக் கம்பத்தை அடைந்துவிட்டால், மிகவும் நெருங்கிச் செல்கிறீர்கள் என்பது பொருள். 'இடைவெளி விட்டால் வேறொருவன் நுழைந்துவிடுகிறானே' என்பார்கள். நுழையட்டும். ஒரு பயணத்தில் பத்துப் பேர் அவ்வாறு நுழைந்தாலும், ஒவ்வொரு முறையும் மூன்று விநாடி பின்தங்கினால் மொத்த இழப்பு அரை நிமிடமே! 30 கிலோமீட்டர் தூரத்தை 100 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 18 நிமிடமும், 120 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 15 நிமிடமும் ஆகும். உயிரைப் பணயம் வைத்து மிச்சப்படுத்துவது மூன்று நிமிடம். அதுவும் ஷார்ஜாவிலிருந்து துபாய் செல்லும் காலை நெரிசலில் முதல் சந்திப்பிலேயே கரைந்துபோகும்.

பின்னால் ஒருவர் விளக்கடித்தால், வலப்பக்கத் தடம் காலியாக இருக்கிறதா என்று பார்த்து, சைகை விளக்கைப் போட்டு, ஒதுங்கி வழிவிடுங்கள். பதறித் திரும்பாதீர்கள், அவருடைய அவசரம் உங்களுடையதாகிவிட வேண்டாம். பிரியும் வழி தவறிவிட்டால் அடுத்த வழியில் திரும்புங்கள். வேக வரம்பிலும் கவனம் தேவை. துபாயில் அறிவிப்புப் பலகையில் காணும் வேகத்துக்கு மேல் 20 கிலோமீட்டர் வரை கருவி படம் எடுக்காமல் விடுவதுண்டு. அபூதாபியில் அச்சலுகை 2018 ஆகஸ்டில் நீக்கப்பட்டுவிட்டது. சாலை ஒன்றே, எல்லையைத் தாண்டியதும் கணக்கு மாறுகிறது.

பனிக்காலத்து அதிகாலை மற்றோர் ஆபத்து. 2008 மார்ச் 11 அன்று அபூதாபி - துபாய் நெடுஞ்சாலையில், அடர்ந்த மூடுபனியில் ஏறத்தாழ 200 வாகனங்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதின, உயிர்களும் பறிபோயின. மூடுபனியில் வேகத்தைக் குறையுங்கள், இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். ஓடும் வண்டியில் நான்கு சைகை விளக்குகளையும் எரியவிடும் வழக்கம் பலரிடம் உள்ளது. நீங்கள் நிற்கிறீர்களா, செல்கிறீர்களா என்று பின்னால் வருபவருக்கு அது விளங்காது. ஆகவே, அதைத் தவிர்க்க வேண்டும். ஒன்றுமே தெரியவில்லையெனில் சாலையை விட்டு முற்றிலும் விலகி நிறுத்துங்கள்.

இது மார்க்கத்தோடு தொடர்பற்ற செய்தியென்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பாதைக்கும் ஒரு ஹக்கு உண்டு. பிறருக்குத் துன்பம் தராதிருப்பதும் அதில் அடங்கும் என்பது நபிமொழி நமக்குத் தரும் பாடம். 1993 ஜூனில் புருனையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி வாகன விபத்துகளைப் பற்றித் தனியாகவே தீர்மானம் இயற்றியது. ஷரீஅத்துக்கு முரண்படாத போக்குவரத்து விதிகளைப் பின்பற்றுவது கடமை என்றும், பிறருக்கு நேரும் கேட்டுக்கு ஓட்டுநர் பொறுப்பாளி என்றும் அத்தீர்மானம் தெளிவுறுத்துகிறது. அமீரகத்தில் ஓர் உயிருக்கு ஈடான தியத் தொகை 2,00,000 திர்ஹம். முறையான உரிமமும் காப்பீடும் இல்லாமல் ஓட்டியவரின் தலையில் அந்தச் சுமை விழுந்தால், ஊரில் உள்ள வீடும் நிலமும் மிஞ்சுமா? ஆதலால், உரிமம் இல்லாதவர் நண்பரின் வண்டியை 'ஒரு சுற்றுதானே' என்று தொடக்கூடாது. நம் நாட்டு உரிமம் கையில் இருக்கிறதே என்று அங்கே குடியிருப்பவர் ஓட்டிவிடவும் முடியாது.

வாசகச் சகோதரிகளே! இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. என்னிடம் ஓத வரும் மாணவன் ஒருவனின் தந்தை ஷார்ஜாவில் சரக்கு வண்டி ஓட்டுகிறார். விடுமுறையில் வந்தபோது அவர் சொன்னார்: "ஹஜ்ரத், பின்னால் வருகிறவனுக்கு நான் வழிவிட்டுவிடுவேன். ஆனால் வீட்டிலிருந்து போன் வந்தால் எடுக்காமல் இருக்க முடிவதில்லை. எடுக்காவிட்டால் உம்மா பதறிப்போவார்கள்." எண்ணிப் பாருங்கள். கேஸ் தீர்ந்த செய்தியையும், மச்சான் வீட்டுத் திருமணப் பேச்சையும், பிள்ளை பள்ளிக்குப் போக அடம்பிடித்த கதையையும் அவர் சாலையில் இருக்கும் நேரத்திலா சொல்ல வேண்டும்? அவர் வேலைக்குப் புறப்படும் நேரத்தையும் அறைக்குத் திரும்பும் நேரத்தையும் கேட்டு எழுதி வையுங்கள். நம் நேரத்துக்கும் அமீரகத்து நேரத்துக்கும் ஒன்றரை மணி வேறுபாடு. இங்கே காலை எட்டரை என்றால் அங்கே ஏழு மணி. அது அவர் நெரிசலில் இருக்கும் நேரம். அழைப்பை எடுத்ததும் முதற்கேள்வியாக, "வண்டியில் இருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். ஆம் என்றால், "பிறகு பேசுகிறேன்" என்று ஸலாம் சொல்லி வைத்துவிடுங்கள். குடும்பத்தோடு அங்கே வாழ்பவர்கள், நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டுமென்று 2017 முதல் சட்டம் இருப்பதை மறவாதீர்கள். மடி எவ்வளவு அன்பானதாயினும் மோதலில் குழந்தையைப் பிடித்து நிறுத்தாது.

ரமளானில் மஃரிபுக்குச் சற்று முன்னர் அங்கே சாலைகள் பந்தயக் களமாகிவிடும். வீட்டு விரிப்பில் அமர்ந்தே நோன்பு திறக்க வேண்டும் என்ற அவசரம். இதைத் தணிப்பதற்காகவே சாலைச் சந்திப்புகளில் காவலர்களும் தொண்டர்களும் இஃப்தார் பொதிகளை வழங்குகிறார்கள். வண்டியில் நாலு பேரீச்சம்பழமும் ஒரு தண்ணீர்ப் புட்டியும் வைத்திருப்பவருக்கு அந்த ஓட்டம் தேவையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஈராண்டு கழித்து ஊர் வரும் சபராளியை அழைத்துவர, குடும்பமே ஒரு வேனில் ஏறித் திருச்சிக்கோ சென்னைக்கோ செல்கிறது. விமானம் நள்ளிரவில் இறங்குகிறது. ஓட்டுநரோ அன்று பகலெல்லாம் வேறு சவாரி ஓட்டி அலுத்தவர். அங்கே எல்லா ஆபத்தையும் கடந்து வந்தவரை நாம் தூக்கக் கலக்கத்தில் உள்ள ஒருவரிடம் ஒப்படைத்துவிடுகிறோம். பஜ்ரு வரை விமான நிலையத்துப் பக்கத்திலேயே தங்கி, தொழுதுவிட்டு, வெளிச்சத்தில் புறப்பட்டால் என்ன? ஊர் வந்தவரும் முதல் சில நாட்கள் மோட்டார் சைக்கிளைத் தொடாமல், இடப்புறப் பழக்கம் கண்ணுக்குத் திரும்பும் வரை பொறுத்திருப்பது நல்லது.

பிறருடைய கெட்ட பழக்கத்தை நம்மால் மாற்ற இயலாது போகலாம். அதை நாம் கற்றுக்கொள்ளாமல் இருக்க இயலும். இந்த இதழைப் படித்து முடித்ததும், உங்கள் வீட்டுச் சபராளியோடு அடுத்த முறை பேசும்போது, சம்பளத்தைக் கேட்பதற்கு முன் சாலையைக் கேளுங்கள். சாலையில் இருக்கும் நம் மக்கள் அனைவரையும் அல்லாஹ் நலமாக வீடு சேர்ப்பானாக! ஆமீன்.