தொண்டையைக் கொஞ்சம் சும்மா விடுங்கள்

விடிகாலையில் எங்கள் தெருவில் நடந்தால், எந்த வீட்டில் யார் எழுந்துவிட்டார் என்பதைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். குழாயடியில் நாக்கு வழிக்கும்போது எழும் ஓங்கரிப்பு, அதைத் தொடர்ந்து அடித்தொண்டையிலிருந்து ஒரு காறல். சளியை வேரோடு எடுத்தால்தான் பல் விளக்கிய திருப்தி வரும் என்று நினைப்பவர்கள் நம்மில் ஏராளம். எதிர்வீட்டுப் பெரியப்பா அடிக்கடி சொல்வார்: “எடுக்க எடுக்க வந்துக்கிட்டே இருக்குப்பா.”

அவர் சொல்வது முழு உண்மை. எடுப்பதால்தான் வருகிறது. பலமாகக் கனைக்கும்போது குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதி உரசிக்கொள்கின்றன. உரசிய இடம் சிவந்து தடிக்கிறது. அதைக் காப்பாற்ற உடம்பு இன்னும் கொஞ்சம் கோழையைச் சுரந்து பூசுகிறது. அது தொண்டையில் தட்டுப்பட, மறுபடியும் ஒரு கனைப்பு. பாடகர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் குரல் பயிற்சி தருபவர்கள் முதலில் நிறுத்தச் சொல்வது இந்தப் பழக்கத்தைத்தான். கனைக்கத் தோன்றும்போதெல்லாம் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் கையில் இல்லையென்றால் எச்சிலை அழுத்தி விழுங்க வேண்டும். முதல் சில நாள் கஷ்டம்தான்; பிறகு தொண்டையே அடங்கிவிடும்.

கோழை அழுக்கு அன்று. மூக்கிலும் தொண்டையிலுமாக நாளொன்றுக்குச் சுமார் ஒரு லிட்டர் சுரந்துகொண்டேதான் இருக்கிறது. பெரும்பகுதி தண்ணீர். தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ள, நுண்ணிய மயிரிழைகள் அதைத் தொண்டைப் பக்கம் தள்ளிவிடுகின்றன. நாம் அறியாமலே விழுங்குகிறோம், மீதியை வயிறு பார்த்துக்கொள்கிறது. அது கெட்டிப்படும்போதும், ஏதோ ஒன்று ஓயாமல் உறுத்தி அதை மிகுதியாகச் சுரக்கவைக்கும்போதும்தான் நமக்குத் தொல்லை.

அந்த உறுத்தல் எங்கிருந்து வருகிறது என்று யாரும் தேடுவதில்லை. என்ன குடிக்கலாம், என்ன சாப்பிடலாம் என்றுதான் கேட்கிறார்கள். பெரியப்பாவுக்கு மளிகைக் கடை. கடையைச் சாத்திவிட்டு வந்து பத்தரை மணிக்கு நாலு தோசை, காரச் சட்னி. அடுத்த கால் மணியில் படுக்கை. காது மூக்கு தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, வயிற்று அமிலம் படுத்தவுடன் மேலேறித் தொண்டையைச் சுடுகிறது என்றார். நெஞ்செரிச்சல் துளியும் இல்லாமலே பலருக்கு இப்படி நடக்கிறது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேர இடைவெளி, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல். அவருக்குச் சொன்னது இவ்வளவுதான். செலவில்லாத வைத்தியம் என்பதாலேயே அவருக்கு அதில் நம்பிக்கை வர நாளாயிற்று.

இன்னொன்று புகை. பீடி, சிகரெட்டின் கெடுதல் எல்லாருக்கும் தெரியும். ஜன்னலைச் சாத்திவிட்டுக் குழந்தையின் தலைமாட்டில் ஏற்றுகிற கொசுவர்த்தியைப் பற்றி யார் யோசிக்கிறோம்? ஒரு சுருள் முழுதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. கொசுவலை கட்டினால் போதும். விடிந்ததும் வரும் சளியில் பாதிக்கு அந்த அறைக்காற்றே காரணமாக இருக்கக்கூடிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

கஷாயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வேலியோரம் நிற்கும் ஆடாதோடை இலையில் வாசிசின் என்ற பொருள் இருக்கிறது. அதை மாதிரியாக வைத்து உருவாக்கிய புரோம்ஹெக்சின் 1963-இல் மருந்தாக வந்தது. அதன் வாரிசான அம்ப்ராக்சால்தான் இன்று மருந்துக்கடையில் வாங்கும் பல சளி சிரப்புகளில் இருக்கிறது. பாட்டிகளின் கைமருந்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேண்டியதில்லை. ஆனால் மருந்து என்றால் அதற்குரிய எச்சரிக்கையும் உண்டு. கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தொடக்கூடாது. அதிமதுரத்தை நாள்கணக்கில் சுவைத்தால் ரத்த அழுத்தம் ஏறும். தேன் இருமலைத் தணிக்கும். இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதலே 2018-இல் அதைப் பரிந்துரைத்தது. ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்கு நாக்கில் தடவக்கூடக் கூடாது. பாட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோய் வரக்கூடும்.

சூடான மிளகு ரசமோ சுக்கு மல்லிக் காப்பியோ குடித்தால் வரும் இதம் வெறும் பிரமை அன்று. 2008-இல் வெளியான ஓர் ஆய்வுக்காகக் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ஒரே பழப் பானத்தைச் சூடாகவும், சூடில்லாமலும் கொடுத்துப் பார்த்தார்கள். அளந்து பார்த்ததில் மூக்கடைப்பு மாறவில்லை. ஆனால் இருமலும் தொண்டை வலியும் குறைந்ததாகச் சூடாகக் குடித்தவர்கள் சொன்னார்கள். பாலுக்கு மட்டும் நாம் அநியாயம் செய்கிறோம். 1990-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் சளிக் கிருமியைக் கொடுத்து 60 பேரைக் கவனித்தபோது, பால் குடித்தவர்களுக்குச் சளி கூடவில்லை. பால் எச்சிலோடு கலந்து தொண்டையில் கொழகொழப்பாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான். வளரும் பிள்ளைக்கு அதற்காகப் பாலை நிறுத்தாதீர்கள்.

ஆவி பிடிப்பது பற்றி எனக்குக் கவலை அதிகம். இதமாக இருக்கும், ஆனால் சளியைச் சீக்கிரம் போக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து மடி வெந்துபோகும் குழந்தைகள் மட்டும் உண்மை. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது தெருவில் கூட்டமாக ஆவி பிடிக்க, தமிழகத்தின் அன்றைய சுகாதாரத்துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. குழந்தைகளுக்கு ஆவியே வேண்டாம். பெரியவர்களுக்கு வாய் கொப்பளிப்பதே மேல்: ஜப்பானில் 387 பேரிடம் நடந்து 2005-இல் வெளியான சோதனையில், வெறும் தண்ணீரில் தினமும் கொப்பளித்தவர்களுக்குச் சளி பிடிப்பது 36 சதவீதம் குறைந்தது. மூக்கைக் கழுவுகிறவர்கள் காய்ச்சி ஆறிய உப்புநீரை மட்டும் பயன்படுத்துங்கள். குழாய்த் தண்ணீர் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் இருமலும் சளியும் இரண்டு வாரம் தாண்டினால் கைவைத்தியத்தை நிறுத்திவிடுங்கள். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல், சளியில் ரத்தம் இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். குரல் கம்மல் மூன்று வாரம் நீடித்தாலும், விழுங்கச் சிரமப்பட்டாலும், குறிப்பாகப் புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள், மருத்துவரைப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை இலவசம். அங்கே தரும் டப்பாவில் எச்சிலைத் துப்பாமல், வாயைக் கொப்பளித்துவிட்டு, மூச்சை ஆழ இழுத்து நெஞ்சிலிருந்து இருமி எடுத்துக் கொடுங்கள். காலையில் எழுந்ததும் எடுத்தால் இன்னும் நல்லது.