நம் தெருவும் ஓவியமாகும்

ஓவியம் என்றவுடன் அரசர்களும் தெய்வங்களும் போர்க்களங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. நாம் நாள்தோறும் நடக்கும் தெருவும், அங்கு உழைக்கும் மக்களும் ஓவியத்திற்கு உரிய பொருள்கள் அல்ல என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு என்பதே என் கருத்து.

நெதர்லாந்து நாட்டில் ஹென்ட்ரிக் ஆவர்காம்ப் (1585–1634) என்னும் ஓவியர் வாழ்ந்தார். அவர் வாய் பேச இயலாதவர். ஆயினும் அவர் கண்கள் ஊர் முழுவதையும் கண்டன. 1608ஆம் ஆண்டையொட்டி அவர் தீட்டிய குளிர்கால ஊர்க்காட்சி, இன்று ஆம்ஸ்டர்டாம் நகரின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. உறைந்த நீர்ப்பரப்பின்மேல் செல்வரும் ஏழையரும் ஒன்றாகச் சறுக்கி விளையாடுகின்றனர். சிலர் வழுக்கி விழுகின்றனர். ஒரு மூலையில் பழைய கதவொன்று பறவைகளைப் பிடிக்கும் பொறியாக நிற்கிறது. அரசர் எவரும் அதில் இல்லை. எனினும், நானூறு ஆண்டுகளுக்கு முன் அம்மக்கள் எவ்வாறு உடுத்தினர், எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அவ்வோவியம் இன்றும் நமக்குக் காட்டுகிறது.

நம் மும்பையிலும் இத்தகைய ஓவியர் ஒருவர் இருந்தார். சர் ஜே.ஜே. கலைப்பள்ளியில் பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியராக விளங்கிய எம்.வி. துரந்தர் (1867–1944), இந்நகரத் தெருக்களில் கண்ட எளிய மனிதர்களை அஞ்சலட்டைகளிலும் நூல்களிலும் வரைந்தார்.

“எங்கள் சந்தில் வரைவதற்கு என்ன இருக்கிறது?” என்று நீங்கள் கேட்கலாம். விடியுமுன் தாராவியில் ஆவி பறக்க வேகும் இட்லி இருக்கிறது. பொங்கல் நாளில் தொண்ணூறு அடிச் சாலையில் வரிசையாகப் பொங்கும் பானைகள் இருக்கின்றன. மாதுங்காவில் பூத்தொடுக்கும் விரல்களும், செம்பூர் முருகன் கோயிலின் படிகளும் இருக்கின்றன. தாராவியைப் படம்பிடிக்க வெளியிலிருந்து வருவோர் பலர் அங்குள்ள வறுமையை மட்டுமே காண்கின்றனர். அவ்வறுமை பொய்யன்று, ஆனால் அதுவே முழு உண்மையும் அன்று. அங்குள்ள உழைப்பையும் உறவையும் சிரிப்பையும் அறிந்தவர்கள் நாமே.

தாராவியைப் புதிதாகக் கட்டியெழுப்பும் திட்டம் தொடங்கிவிட்டது. நல்ல வீடுகள் வருவது வரவேற்கத்தக்கதே. ஆயினும், நம் தாத்தாவும் பாட்டியும் ஊரைவிட்டு வந்து, உழைத்து உருவாக்கிய சந்துகள் நாளை இருக்குமா? அவை மறையுமுன் அவற்றை வரைந்து வைப்பது நம் கடமை. இதற்கு விலையுயர்ந்த வண்ணங்கள் வேண்டா. ஒரு பென்சிலும் ஒரு தாளும், பொறுமையாகப் பார்க்கும் கண்களும் போதும். வரைந்த படத்தின் அடியில் இடத்தின் பெயரையும் நாளையும் தமிழில் எழுதுங்கள். நம் தெரு எப்படி இருந்தது என்று பின்னாளில் ஒரு குழந்தை கேட்டால், அந்தத் தாளே விடை சொல்லும்.