அவர்களுக்காக நாம் ஏன் துஆ கேட்க வேண்டும்?



2025ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள், ரமளானின் இறுதி வெள்ளிக்கிழமையன்று, மியான்மர் நாட்டைப் பெரும் நிலநடுக்கம் ஒன்று உலுக்கியது. மாண்டலே, சகாயிங் ஆகிய நகரங்கள் நொறுங்கின. 3,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெருநாள் விடுமுறை கழிந்து மதரஸா திறந்த முதல் நாள், பாடம் முடிந்ததும் அந்த மக்களுக்காகத் துஆச் செய்யலாம் என்று பிள்ளைகளிடம் கூறினேன். எல்லாரும் கையேந்தினார்கள். பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன் மட்டும் கைகளை மடியிலேயே வைத்திருந்தான்.

"ஹஜ்ரத்! ரோஹிங்யா மக்களை அடித்து விரட்டியவர்கள் இவர்கள்தானே? இவர்களுக்காக நாம் ஏன் துஆ கேட்க வேண்டும்?"

அவன் துடுக்காகக் கேட்கவில்லை. 2017 ஆகஸ்டுக்குப் பின் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் மியான்மர் இராணுவத்தின் கொடுமைக்கு அஞ்சி வங்கதேசத்துக்கு ஓடிவந்த செய்தியை அவ்வகுப்பில் சொன்னவனே நான்தான். நான் கற்பித்தது என்னிடமே கேள்வியாகத் திரும்பி வந்தது.

எளிய பதில் ஒன்று என் நாவின் நுனிவரை வந்தது. "மகனே! அங்கே இறந்தவர்களில் முஸ்லிம்களும் உண்டு. ஜும்ஆவுக்குக் கூடியிருந்தவர்கள் மீது பள்ளிவாசல்கள் இடிந்து விழுந்திருக்கின்றன" என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அப்படிச் சொல்லியிருந்தால், முஸ்லிம்கள் இல்லாத ஊரில் பூமி பிளந்தால் நாம் கையை மடக்கிக்கொள்ளலாம் என்றல்லவா அவன் விளங்கிக்கொள்வான்? ஆகவே வாயை மூடிக்கொண்டேன். "நாளை சொல்கிறேன்" என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அவர்களுக்கு ஒரு வரலாற்றைச் சொன்னேன். அதையே உங்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இரக்கத்துக்குத் தடை போட்ட ஏடு

கிழக்காப்பிரிக்காவில் மலைகள் சூழ்ந்த சிறிய நாடு ருவாண்டா. அங்கே ஹூட்டு என்றும் துட்சி என்றும் இரு பிரிவினர். ஒரே மொழி பேசி, ஒரே ஊரில் வாழ்ந்து, ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து, பெண் எடுத்தவர்கள்தாம் இவர்கள். 1930களில் அந்நாட்டை ஆண்ட பெல்ஜியர்கள், ஒவ்வொருவருடைய அடையாள அட்டையிலும் 'ஹூட்டு', 'துட்சி' என்று எழுதி வைத்தார்கள். ஆட்சியாளர்கள் போனார்கள், அட்டை போகவில்லை.

1990ஆம் ஆண்டு டிசம்பரில் 'கங்குரா' என்னும் ஏடு, ஹூட்டுகளுக்குப் பத்துக் கட்டளைகள் என்று ஒரு பட்டியலை வெளியிட்டது. துட்சிகள் மீது இரக்கம் காட்டுவதை ஹூட்டுகள் நிறுத்திவிட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நன்கு கவனியுங்கள்! வாளை எடு என்று அந்தக் கட்டளை சொல்லவில்லை. இரக்கத்தை விடு என்று மட்டுமே சொன்னது. இரக்கம் போய்விட்டால் வாள் தானாகவே கைக்கு வந்துவிடும் என்பதை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

1994 ஏப்ரல் 6ஆம் நாள் அந்நாட்டு அதிபர் ஹப்யாரிமானா பயணம் செய்த விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அன்றிரவே வெறியாட்டம் தொடங்கிற்று. சாலைக்குச் சாலை தடுப்புகள். அடையாள அட்டையில் 'துட்சி' என்றிருந்தால் மரணம். துட்சிகளைக் கரப்பான் பூச்சிகள் என்று ஏசி, கொலைக்குத் தூண்டிற்று ஒரு வானொலி. ஏறத்தாழ 100 நாட்களில் 8 லட்சத்துக்கும் குறையாத மக்கள் கொல்லப்பட்டார்கள். கொலைக்கு உடன்படாத ஹூட்டுகளும் அவர்களுள் அடங்குவர். பெண் பிரதமர் அகதே உவிலிங்கியிமானாவும் ஒரு ஹூட்டுவே. அவரையும் மறுநாளே கொன்றார்கள். பிறர் மீது இரக்கம் காட்டாதே என்று தொடங்குபவன், இறுதியில் தன் இனத்தவரையும் விட்டுவைப்பதில்லை.

கைகழுவிய உலகம்

அமைதி காப்பதற்காக ஐ.நா. படையினர் ஏறத்தாழ 2,500 பேர் அங்கே இருந்தார்கள். ஆயுதங்கள் பதுக்கி வைக்கப்பட்டுள்ளதை அவர்களுடைய தளபதி, கனடா நாட்டவரான ரோமியோ தலேர், 1994 ஜனவரியிலேயே தலைமையகத்துக்குத் தெரிவித்தார். அவற்றைக் கைப்பற்ற அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை.

கொலைகள் தொடங்கியதும் வல்லரசுகளின் விமானங்கள் விரைந்து வந்தன. தத்தம் நாட்டவரை ஏற்றிக்கொண்டு திரும்பிச் சென்றன! தலைநகர் கிகாலியில் ஒரு தொழிற்பள்ளி வளாகத்தில் ஏறத்தாழ 2,000 பேர், அங்கிருந்த பெல்ஜிய வீரர்களை நம்பித் தஞ்சம் புகுந்திருந்தார்கள். ஏப்ரல் 11 அன்று அந்த வீரர்கள் வெளியேறினார்கள். வாயிலில் காத்திருந்த கொலைஞர்கள் உள்ளே வந்தார்கள். தஞ்சம் புகுந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அன்றே கொல்லப்பட்டார்கள்.

ஏப்ரல் 21 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை கூடி, படையைப் பெருக்கியதா? இல்லை. 270 பேராகக் குறைக்க முடிவு செய்தது. மே மாதம் மனம் மாறி 5,500 பேரை அனுப்பத் தீர்மானித்தது. அப்படை முழுமையாக வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 1998இல் அமெரிக்க அதிபர் கிளிண்டன் கிகாலிக்குச் சென்று, உலகம் தன் கடமையில் தவறியதை ஒப்புக்கொண்டார். மாண்டவர்கள் அதைக் கேட்டார்களா?

வல்லரசுகளைக் குறை கூறுவது எளிது. நான் என்ன செய்தேன்? 1994இல் நான் பள்ளி மாணவன். எங்கள் வீட்டில் தினமும் வானொலிச் செய்தி ஒலிக்கும். ருவாண்டா என்ற பெயர் அதில் வந்திருக்கும். என் நினைவில் அது இல்லவே இல்லை. கல்லூரியில் வரலாறு பயிலும்போதுதான், என் வீட்டு வானொலி என் காதருகே பேசிய காலத்தில் இத்தனை லட்சம் உயிர்கள் போயின என்று அறிந்து வெட்கினேன். காது கேட்டும் உள்ளம் கேளாதிருப்பதற்கு என்ன பெயர்? அலட்சியம் என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

ஆயுதமில்லாத ஒரு மனிதர்

குறைக்கப்பட்ட அந்தச் சிறிய படையோடு தங்கியவர்களில் ஒருவர் கேப்டன் ம்பாயே டியாஞ். மேற்காப்பிரிக்காவின் செனகல் நாட்டவர். தொழுகையைப் பேணும் முஸ்லிம். வயது 36. ஐ.நா.வின் இராணுவப் பார்வையாளர் என்பதால் அவர் கையில் ஆயுதம் கிடையாது. பார்த்து எழுதி அனுப்புவதே அவருடைய வேலை.

கொல்லப்பட்ட பெண் பிரதமரின் பிள்ளைகள் அருகிலிருந்த வளாகத்தில் ஒளிந்திருந்தார்கள். ம்பாயே அவர்களைத் தம் வண்டியில் மறைத்துப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டு சேர்த்தார். அப்பிள்ளைகள் உயிர் பிழைத்தார்கள். அத்துடன் அவர் நிற்கவில்லை. ஒளிந்திருப்பவர்களை ஒவ்வொரு தடவையும் மூன்று பேர், ஐந்து பேர் என்று ஏற்றிக்கொண்டு, கொலைஞர்கள் நின்ற தடுப்புகளைத் தாண்டிச் செல்வார். தடுப்புக்குத் தடுப்பு வண்டியை நிறுத்தி, சிரித்துப் பேசி, சிகரெட்டும் பணமும் கொடுத்துக் கடப்பார். மக்களை மீட்கும் வேலையில் இறங்கக் கூடாது என்பது படையினருக்கு இடப்பட்டிருந்த கட்டளை. தளபதி தலேர் இவரைப் பற்றி அறிந்தும் தடுக்கவில்லை. இவ்வாறு நூற்றுக்கணக்கான உயிர்களை அந்தத் தனி மனிதர் காப்பாற்றினார்.

மே 31 அன்று, தளபதிக்குரிய செய்தி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்த வழியில், ஒரு தடுப்பருகே விழுந்து வெடித்த பீரங்கிக் குண்டின் சில்லு அவர் உயிரைப் பறித்தது. இன்னும் இரு வாரங்களில் ஊர் திரும்ப வேண்டியவர். மனைவியும் இரு சிறு பிள்ளைகளும் அங்கே காத்திருந்தார்கள். அவர் உடலை மூடி அனுப்ப உரிய உறைகூட அப்போது கைவசம் இல்லை. யுனிசெப் நிவாரணப் பொருட்களோடு வந்த பிளாஸ்டிக் விரிப்பைக் கொண்டு உடன் பணியாற்றியவர்கள் உறை செய்தார்கள். 2014இல் ஐ.நா. பாதுகாப்புச் சபை அவர் பெயரால் வீரப் பதக்கம் ஒன்றை ஏற்படுத்திற்று. அதன் முதற்பதக்கம் 2016இல் அவருடைய குடும்பத்தாரிடமே அளிக்கப்பட்டது.

கிகாலியின் பிர்யோகோ பகுதி முஸ்லிம்கள் பலரும் துட்சிகளைத் தங்கள் வீடுகளில் மறைத்து வைத்துக் காத்தார்கள். இதை நாம் பெருமையோடு நினைக்கலாம். ஆனால் அப்பெருமையில் மயங்கிவிடலாகாது. ஏனெனில், இரக்கத்தை நிறுத்தச் சொன்னதே அந்தக் 'கங்குரா' ஏடு, அதன் ஆசிரியர் பெயர் ஹஸன் ங்கெஸே! சர்வதேச நீதிமன்றம் 2003இல் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் தண்டனை 35 ஆண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. கொலைக்கு வழி திறந்தவருக்கும் முஸ்லிம் பெயர். உயிர்களை மீட்டவருக்கும் முஸ்லிம் பெயர். பெயர் இருவருக்கும் பொதுவாகத்தான் இருந்தது. இரக்கம் ஒருவரிடம் மட்டுமே இருந்தது.

மாணவனுக்கு என் பதில்

இவ்வளவையும் கேட்டபின் அந்த மாணவன் எழுந்தான். "ஹஜ்ரத், அந்த கேப்டன் ஹூட்டுவா, துட்சியா?" என்றான்.

"இரண்டுமில்லை. அவர் செனகல்காரர். காப்பாற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்களும் இல்லை."

"பிறகு ஏன் காப்பாற்றினார்?"

நான் அவனிடம் அரபுப் பாடத்தை எடுக்கச் சொன்னேன். ரஹ்மான், ரஹீம் என்று இறைவனை நாம் அன்றாடம் எத்தனை முறை அழைக்கிறோம்! இரண்டும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். அரபியில் தாயின் கருவறைக்கு 'ரஹிம்' என்று பெயர். அதுவும் அதே வேரில் பிறந்ததுதான். கருவறை, பிள்ளை நல்லவனா, கெட்டவனா என்று கேட்டா சுமக்கிறது?

ஸுமாமா இப்னு உஸால் (ரலி) அவர்களின் வரலாற்றையும் நினைவூட்டினேன். யமாமாவின் தலைவரான அவர் இஸ்லாத்தை ஏற்றதும், மக்காவுக்குச் சென்றுகொண்டிருந்த தானியத்தைத் தடுத்து நிறுத்தினார். மக்காவாசிகள் யார்? நபி (ஸல்) அவர்களையும் தோழர்களையும் ஊரைவிட்டே துரத்தியவர்கள். பசி தாங்காமல் அவர்கள் முறையிட்டபோது, தானியத்தை விட்டுவிடுமாறு அண்ணலார் ஸுமாமாவுக்கு எழுதினார்கள். துரத்தியவர்களின் பிள்ளைகள் பட்டினி கிடப்பதை அண்ணலாரின் உள்ளம் ஏற்கவில்லை.

அப்படியானால் அநீதியை மறந்துவிடுவதா? இல்லவே இல்லை. செனகலால் மூன்று பக்கமும் சூழப்பட்ட சின்னஞ்சிறு நாடு காம்பியா. அதன் நீதியமைச்சராக இருந்த அபூபக்கர் தம்பாது, முன்பு ருவாண்டா படுகொலையை விசாரித்த சர்வதேச நீதிமன்றத்தில் பணியாற்றியவர். 2018இல் வங்கதேச முகாம்களில் ரோஹிங்யா மக்களின் துயரக் கதைகளைக் கேட்டபோது, தாம் ருவாண்டாவில் கேட்டவற்றையே மீண்டும் கேட்பதாக உணர்ந்தார். 2019 நவம்பரில் காம்பியா, ஹேக் நகர சர்வதேச நீதிமன்றத்தில் மியான்மர் மீது இனப்படுகொலை வழக்குத் தொடுத்தது. பெரிய பெரிய நாடுகள் செய்யாததை அந்தச் சிறிய நாடு செய்தது!

"பார்த்தாயா மகனே! ருவாண்டா மக்கள் நம்மவர்கள் அல்லர் என்று அவர் காதை மூடியிருந்தால், ரோஹிங்யாக்களின் அழுகை அவருக்கு விளங்கியிருக்குமா? பிறர் துயரத்தில் பழகிய காதுதான் நம் துயரத்தையும் கேட்கும்" என்றேன்.

வீடுகளில் தொடங்கட்டும்

சகோதரிகளே! இரக்கமின்மையும் கற்பிக்கப்படுகிறது, இரக்கமும் கற்பிக்கப்படுகிறது. ருவாண்டாவில் முன்னதைக் கற்பிக்க ஓர் ஏடும் ஒரு வானொலியும் இருந்தன. நம் வீடுகளில் அதைக் கற்பிப்பது யார்? தொலைக்காட்சியில் ஒரு துயரச் செய்தி வரும்போது, "அவர்களுக்கு நன்றாக வேண்டும்" என்று நாம் சொல்லும் ஒரு சொல் போதாதா? கைப்பேசியில் அழும் குழந்தையை விரலால் தள்ளிவிட்டுச் சிரிப்புக் காட்சிக்குப் போகும் நம்மைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறதே!

"இங்கிருந்து நம்மால் என்ன செய்ய முடியும்?" என்று கேட்பீர்கள். எல்லாரையும் காப்பாற்ற ம்பாயேயாலும் முடியவில்லை. அவர் வண்டியில் ஐந்து பேருக்குத்தான் இடம் இருந்தது. அந்த ஐந்து இடத்தையும் அவர் காலியாக விடவில்லை, அவ்வளவே. நம்மிடம் இருப்பது எவ்வளவு என்று நாமே எண்ணிப் பார்ப்போம். ஒரு துஆ, ஒரு வேளைச் செலவில் மிச்சம் பிடித்த ஸதகா, பிள்ளைக்கு வரைபடத்தில் காட்டும் ஓர் ஊர்ப் பெயர், வாசலில் வந்து நிற்பவரிடம் மதம் கேட்காத ஒரு கைப்பிடிச் சோறு. இவற்றுள் எது நம்மால் இயலாதது?

அந்த மாணவன் மனம் முழுதும் மாறிவிட்டான் என்று நான் சொல்ல மாட்டேன். அவன் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதாகவே தெரிகிறது. ஆனால் அன்று துஆவின்போது அவன் கைகள் மடியில் இல்லை.

நம் பிள்ளைகளின் உள்ளங்களிலும் நம் உள்ளங்களிலும் அல்லாஹ் இரக்கத்தை வற்றாமல் சுரக்கச் செய்வானாக! ஆமீன்.