வீதியின் பெயர் யாருக்குச் சொந்தம்?

ஆட்சி மாறிய நாட்டிலே சட்டத்தை மாற்றுவதற்குச் சபை கூடவேண்டும். வீதியின் பெயரை மாற்றுவதற்கோ ஓர் ஏணியும் இரண்டு ஆட்களும் போதும். ஆதலினாற்றான் புதிய ஆட்சியாளர் முதற்கண் பெயர்ப்பலகையிலே கை வைக்கின்றனர்.

பேர்லின் மாநகரை எடுத்துக்கொள்வோம். அதன் கிழக்குப் பகுதியில் 1949 ஆம் ஆண்டு ஒரு பெருவீதிக்கு ஸ்ராலினின் பெயர் சூட்டப்பட்டது. 1953 யூன் மாதத்தில் அவ்வீதியிலே கட்டட வேலை செய்த தொழிலாளரே அரசுக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தனர்; சோவியத் தாங்கிகள் அக்கிளர்ச்சியை நசுக்கின. 1961 நவம்பரில், ஓரிரவிலே, ஸ்ராலினின் சிலையும் பெயரும் அகற்றப்பட்டன. இட்டவரும் எடுத்தவரும் ஒரே கட்சியினர். அங்கு வாழ்ந்த மக்களை எவர் கேட்டார்?

1990 இல் ஜேர்மனி ஒன்றுபட்டது; சனநாயகம் வந்தது. 1995 இல் கிளாரா செற்கின் வீதி தன் பழைய பெயரைப் பெற்று டொரொதியா வீதி ஆயிற்று. செற்கின் அம்மையார் கம்யூனிஸ்டு. சோவியத் ஆட்சியை விரும்பியவர். அதனை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும், 1932 இல் மூத்த உறுப்பினர் என்ற முறையில் ஜேர்மன் பாராளுமன்றத்தைத் தொடக்கிவைத்து, பாசிசத்தை எதிர்த்து ஒன்றுபடுமாறு அறைகூவியவரும் அவரே. டொரொதியாவோ அரச குலத்து மனைவி. சனநாயகத்திற்கு அவர் ஆற்றிய தொண்டு யாது? எதிர்ப்புக்குரல் எழுந்தும் பெயர் மாற்றப்பட்டது. நீக்கும் பெயருக்கு ஓர் அளவுகோல், சூட்டும் பெயருக்கு வேறோர் அளவுகோல் என்பது நீதியாகுமா?

கொடுங்கோலனின் பெயர் நிலைக்கவேண்டுமென்று யாம் வாதிடவில்லை. தன் தந்தையைக் கொன்றவனின் பெயரைத் தன் முகவரியாக எழுதுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது. 1945 இல் ஹிட்லரின் பெயர் பலகைகளிலிருந்து ஒழிந்தமைக்கு வருந்துவார் உளரோ? ஆனால் நீக்குதற்கும் சூட்டுதற்கும் அளவுகோல் ஒன்றே இருத்தல்வேண்டும். அவ்விடத்து மக்களின் சம்மதமும் பெறப்படுதல்வேண்டும்.

1948 இல் வெள்ளையராட்சி நீங்கிய நம் நாட்டிலும் கொழும்பின் விக்ரோறியா பூங்கா பின்னர் விகாரமகாதேவி பூங்காவாயிற்று. அந்நிய அரசியின் பெயர் போனது முறையே. வந்ததோ, எல்லாளனை வென்ற துட்டகைமுனுவின் தாயார் பெயர். பல இனத்தவரும் உலாவும் பூங்காவுக்கு எல்லோரும் தமதென்று கொள்ளத்தக்க பெயரொன்று கிடைக்கவில்லையா? நாளை நம்மவர் சபைகளில் நாம் பலகை எழுதும்போதும் இதே கேள்வி நம்மை நோக்கி எழும். அப்போது விடை கூற இன்றே ஆயத்தமாவோம்.

விவசாயப் பெருமக்களுக்கு இவ்வுண்மை புதிதன்று. போர்த்துக்கேயர் வந்தனர், ஒல்லாந்தர் வந்து தோம்பு எழுதினர், ஆங்கிலேயர் வந்தனர், எல்லோரும் போயினர். எமது உறுதிகளிலே எத்தனையோ காணிப் பெயர்கள் இன்றும் நிற்கின்றன. உழுதவன் அழைத்த பெயராதலின் அவை நிலைத்தன. ஆள்பவர் இதனை உணர்வாராக!