கல்லறையில் ஓர் ஐமுனை நட்சத்திரம்

2005 செப்டெம்பரில் ஆப்கானிஸ்தானில் அமெரிக்க ஹெலிகொப்டர் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டதில் படையினர் ஐவர் மாண்டனர். அவர்களுள் நெவாடா மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர் விக்கா என்னும் சமயத்தைப் பின்பற்றியவர். நினைவுத் தகட்டில் அச்சமயத்தின் சின்னத்தைப் பொறிக்குமாறு அவருடைய மனைவி கேட்டார். வட்டத்தினுள் அமைந்த ஐமுனை நட்சத்திரமே அச்சின்னம். முன்னாள் படைவீரர் விவகாரத் திணைக்களத்தின் பட்டியலில் அன்று 38 சின்னங்கள் இருந்தன. சிலுவை இருந்தது, பிறை இருந்தது, கடவுள் இல்லை என்போருக்கும் ஒன்று இருந்தது. இது மட்டும் இல்லை. சின்னமற்ற தகட்டை அப்பெண்மணி ஏற்கவில்லை. கணவருக்குரிய இடம் வெறுமையாகவே கிடந்தது.

விக்காவைப் பற்றி எழுத வரும் நம்மவர்கள் 'சூனியம்' என்று எழுதிவிடுகின்றனர். அச்சொல்லைக் கேட்டதும் எலுமிச்சம்பழமும் ஆணியடித்த பொம்மையுமே நமக்கு நினைவுக்கு வரும். விக்காவினரோ பருவ மாற்றங்களைக் கொண்டாடுபவர்கள். ஒரு பெண் தெய்வத்தையும் கொம்புடைய ஆண் தெய்வத்தையும் வழிபடுபவர்கள். எவருக்கும் தீங்கிழைக்காதே என்பது அவர்களுடைய தலையாய நெறி. நட்சத்திரத்தின் முனைகள் நிலம், நீர், தீ, காற்று, ஆன்மா என்பவற்றைக் குறிப்பன. (நமது ஐம்பூதம் என்று மயங்கவேண்டாம், ஐந்தாவது வேறு.) அதே நட்சத்திரத்தைத் தலைகீழாக்கி ஆட்டுத்தலையோடு காட்டுவது 1966இல் தோன்றிய சாத்தான் சபை. இரண்டும் ஒன்றல்ல.

இச்சமயத்தை உலகறியச் செய்தவர் ஜெரால்ட் கார்ட்னர் என்னும் ஆங்கிலேயர். 1900இல், பதினாறு வயதில், அவர் வந்திறங்கியது நம் இலங்கையில் என்பது பலர் அறியாதது. இங்குள்ள தேயிலைத் தோட்டத்திலேதான் தொழில் பழகினார். பின்னர் மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்தார். சூனியத்துக்கு எதிரான பிரித்தானியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பின்னர், 1954இல் இதுபற்றிய தமது நூலை வெளியிட்டார். கிறிஸ்தவத்துக்கு முந்திய சமயமொன்று மறைவாகத் தப்பிப் பிழைத்ததென்றும் தாம் அதிற் சேர்க்கப்பட்டதாகவும் கூறினார். 1921இல் மார்கரெட் மரே முன்வைத்த ஆய்வு அதற்கு முண்டுகொடுத்தது. இன்றைய வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்பதில்லை. கன்னி, தாய், கிழவி என்னும் மூன்று வடிவத் தேவி, 1948இல் கவிஞர் றொபேர்ட் கிரேவ்ஸ் எழுதிய நூலின் செல்வாக்காற் பரவியவள். கொம்புடைய கடவுளுக்கு ஓரளவு சான்று உண்டு: பாரிஸ் நோத்ர்தாம் தேவாலயத்தின் அடியிற் கிடைத்த உரோமர் காலத் தூணில், மான்கொம்புடன் கூடிய செர்னுன்னோஸின் உருவம் காணப்படுகின்றது.

நேற்று முளைத்த சமயத்துக்கு அரச முத்திரையா என்று கேட்பவர் உளர். 1999இல் டெக்சாஸ் ஆளுநராயிருந்த ஜோர்ஜ் புஷ், சூனியத்தைத் தாம் ஒரு சமயமாகக் கருதவில்லை என்று தொலைக்காட்சியிற் கூறினார். பழமைதான் தகுதியெனில், 1830இல் தோன்றிய மோர்மன் சபையின் சின்னம் அப்பட்டியலில் ஏறியதெப்படி? ஒரு தெய்வத்தின் வயதைக் கணிப்பது திணைக்கள எழுதுவினைஞரின் வேலையன்று. விக்காவினருக்கும் ஒரு வார்த்தை. ஒன்பது மில்லியன் பெண்கள் சூனியக்காரிகளென எரிக்கப்பட்டனர் என்ற கதையை அவர்களிற் சிலர் விடாது பற்றியிருந்தனர். ஆய்வாளர் மதிப்பீடு நாற்பதாயிரத்துக்கும் அறுபதாயிரத்துக்கும் இடைப்பட்டது. அவர்களுள் ஆண்களும் அடக்கம். அந்தத் தொகையே போதிய கொடுமை. பொய்க்கணக்கு அவர்கள் கோரிக்கைக்கு வலுச்சேர்க்கவில்லை.

வழக்குத் தொடுக்கப்பட்டது. 2007 ஏப்ரல் 23இல் திணைக்களம் இணக்கத்துக்கு வந்தது. அப்போது ஜனாதிபதி அதே புஷ்தான். ஐமுனை நட்சத்திரம் 39ஆவது சின்னமாயிற்று. வட ஐரோப்பியப் பழஞ்சமயத்தாரின் தோர் தெய்வத்துடைய சம்மட்டி, 2013இல் அப்பட்டியலில் ஏறியது.