பட்டம் வென்ற மங்கைக்குப் பட்டியலில் இடம் இல்லையா?

குஸ்திக் கோதாவில் ஒரு பெண் பட்டம் வென்றார். அதே குஸ்தியை வைத்து ஒரு வீடியோ விளையாட்டு வெளிவந்தது. அதில் அந்தப் பெண்ணுக்கு இடம் இல்லை. சினிமாவில் வந்த இயந்திர மனிதனுக்கு இடம் இருந்தது!

இது அமெரிக்காவில் நடந்தது. ஆண்டு 2015.

அந்தப் பெண்ணின் பெயர் சார்லட். புகழ் பெற்ற குஸ்தி வீரர் ரிக் பிளேரின் மகள். அவர் 2015 செப்டம்பர் 20-ந் தேதி நிக்கி பெல்லா என்ற வீராங்கனையைத் தோற்கடித்தார். டபிள்யூ.டபிள்யூ.இ. குஸ்தி நிறுவனத்தின் பெண்கள் பட்டத்தைப் பெற்றார்.

அடுத்த மாதம் 27-ந் தேதி "டபிள்யூ.டபிள்யூ.இ. 2கே16" என்ற வீடியோ விளையாட்டு விற்பனைக்கு வந்தது. அதில் 120 பேருக்கு மேல் இருந்தார்கள். சார்லட் இல்லை. அவரோடு புகழ் பெற்ற பெக்கி லிஞ்ச் இல்லை. சாஷா பாங்க்ஸ் இல்லை. பெய்லியும் இல்லை.

இரும்பு மனிதன் வந்தான்

பெண்களே இல்லை என்று சொல்ல முடியாது. நிக்கி பெல்லா இருந்தார். பேஜ் இருந்தார். வேறு சிலரும் இருந்தார்கள். ஆனால் அந்த ஆண்டில் ரசிகர்கள் யாரைப் பார்க்க ஆவலாக இருந்தார்களோ, அவர்கள் இல்லை.

வேறு யாருக்கு இடம் கிடைத்தது?

ஸ்டீவ் ஆஸ்டின் என்ற பழைய வீரர் அட்டைப் படத்தில் நின்றார். உள்ளேயும் பல வேடங்களில் வந்தார். இளம் வயது ஆஸ்டின் ஒருவர். புகழ் பெற்ற ஆஸ்டின் ஒருவர். ஆள் ஒன்று, இடம் பல!

விளையாட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தவர்களுக்கு ஒரு பரிசும் கிடைத்தது. அதுதான் "டெர்மினேட்டர்". சினிமாவில் அர்னால்டு நடித்த இயந்திர மனிதன். 1984-ல் வந்த படத்தின் உருவம் ஒன்று; 1991-ல் வந்த படத்தின் உருவம் ஒன்று. ஆக, அவனுக்கு இரண்டு இடம்!

நேரம் இல்லையாம்!

விளையாட்டு செய்கிறவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. அதையும் கேட்க வேண்டும்.

ஒரு வீரரை விளையாட்டில் சேர்ப்பது சுலபம் அல்ல. முகத்தையும் உடலையும் அளவெடுக்க வேண்டும். அவர் நடந்து வரும் தோரணையைச் செய்ய வேண்டும். அவருடைய பிடிகளையும் குத்துகளையும் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஆகவே விற்பனைக்குப் பல மாதங்களுக்கு முன்பே பட்டியலை மூடிவிடுகிறார்கள். சார்லட்டும் பெக்கியும் சாஷாவும் பெரிய மேடைக்கு வந்தது 2015 ஜூலையில்தான். அதற்குள் காலம் கடந்துவிட்டது என்று சொல்லலாம்.

ஆனால் இந்தச் சமாதானம் நிற்கவில்லை.

அந்தக் குஸ்தி நிறுவனத்துக்கு "என்.எக்ஸ்.டி." என்ற இளையோர் பிரிவு உண்டு. சார்லட் அங்கே 2014 மே மாதமே பெண்கள் பட்டம் வென்றுவிட்டார். கெவின் ஓவன்ஸ் என்ற வீரர் அதே பிரிவுக்கு வந்தது 2014 டிசம்பரில். ஏழு மாதம் கழித்து வந்த ஆணுக்கு இடம் கிடைத்தது. முன்னால் வந்து பட்டமும் வென்ற பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

நேரம் இல்லை என்பது காரணம் அல்ல. நினைப்பு இல்லை என்பதே காரணம்.

கேட்காத காது

அந்த ஆண்டில் பெண்களின் குரல் யார் காதிலும் விழவில்லை என்றும் சொல்ல முடியாது.

2015 பிப்ரவரி 23-ந் தேதி டெலிவிஷனில் ஒரு பெண்கள் குஸ்தி நடந்தது. சுமார் அரை நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். ரசிகர்கள் கொதித்து எழுந்தார்கள். "பெண்களுக்கு வாய்ப்புக் கொடு!" என்று சமூக வலைத்தளங்களில் நாள்கணக்கில் முழங்கினார்கள். விளையாட்டு விற்பனைக்கு வர அப்போது எட்டு மாதம் இருந்தது.

இந்தக் குஸ்தியில் யார் ஜெயிப்பது என்பதை நிறுவனமே முன்கூட்டி முடிவு செய்கிறது. இது ஊரறிந்த விஷயம். ஆனால் கீழே விழும் உடம்பு நிஜம். வலி நிஜம். பல ஆண்டுப் பயிற்சி நிஜம். "நீதான் முதல்வி" என்று கையில் பட்டத்தைக் கொடுத்துவிட்டு, "பட்டியலில் உன் பெயர் இல்லை" என்று சொன்னால் அது என்ன மரியாதை?

பொம்மைதானே என்பதா?

"இது வெறும் பொம்மை விளையாட்டு. இதற்கு ஏன் இத்தனை பேச்சு?" என்று சிலர் கேட்கலாம்.

விளையாடுகிற பிள்ளைக்கு அது வெறும் பொம்மை அல்ல. யார் பெரியவர், யார் சிறியவர் என்பதைப் பிள்ளை அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. அண்ணன் தனக்குப் பிடித்த வீரரைத் தேடுகிறான், கிடைக்கிறார். தங்கை டெலிவிஷனில் பார்த்த வீராங்கனையைத் தேடுகிறாள், காணோம். அவள் என்ன நினைப்பாள்? "நம்மைப் போன்றவர்கள் கணக்கில் இல்லை" என்றுதான் நினைப்பாள்.

ரசிகர்கள் தாங்களே உருவம் செய்து சேர்த்துக்கொள்ள அந்த விளையாட்டில் வழி உண்டு. ஆனால் அது போதாது. விருந்துக்கு அழைக்காமல் விட்டுவிட்டு, "வேண்டுமானால் வீட்டில் சமைத்துச் சாப்பிடு" என்று சொல்வதுபோல் அது.

காலம் சொன்ன தீர்ப்பு

2016 அக்டோபரில் வந்த அடுத்த விளையாட்டில் நான்கு பெண்களையும் சேர்த்தார்கள்.

2019 ஏப்ரல் 7-ந் தேதி நியூஜெர்சியில் "ரெசில்மேனியா" என்ற பெரிய குஸ்தி விழா நடந்தது. அதன் கடைசிப் போட்டி, முக்கியப் போட்டி, பெண்களுக்குக் கிடைத்தது. அந்த விழாவில் அதுவே முதல் தடவை. சார்லட், ரோண்டா ரவுசி, பெக்கி லிஞ்ச் மூவரும் மோதினார்கள். பெக்கி ஜெயித்தார். அதே ஆண்டு வந்த விளையாட்டின் அட்டைப் படத்தில், ரோமன் ரெயின்ஸ் என்ற வீரருக்குப் பக்கத்தில் பெக்கி நின்றார்.

நான்கு ஆண்டுக்கு முன் பட்டியலில் இடம் இல்லாதவர் அட்டைக்கே வந்துவிட்டார்! அப்படியானால் 2015-ல் தவறியது யார்? பெண்களா, பட்டியல் போட்டவர்களா?

செய்ய வேண்டியது என்ன?

2025-ல் வந்த விளையாட்டில் 300 பேருக்கு மேல் இடம் கொடுத்தார்கள். ஆனால் எண்ணிக்கை பெருகினால் மட்டும் நியாயம் வந்துவிடாது. வரிசை சரியாக இருக்க வேண்டும்.

பட்டியலை மூடும் நாளில் யார் கையில் பட்டம் இருக்கிறதோ, அவருக்கு முதல் இடம். அவர் பெரிய மேடையில் இருந்தாலும் சரி, இளையோர் பிரிவில் இருந்தாலும் சரி. ஆணானாலும் சரி, பெண்ணானாலும் சரி. அடுத்த இடம், அந்த ஆண்டு கோதாவில் உழைத்தவர்களுக்கு. அதற்குப் பிறகு பழைய புகழ் வீரர்கள் வரட்டும். ஒரே ஆளின் இரண்டாவது வேடமும் சினிமா இயந்திரமும் கடைசியில் வரட்டும்.

பழைய பெயருக்கு விற்பனை உண்டு. யாரும் மறுக்கவில்லை. ஆனால் இன்று வியர்வை சிந்துகிறவருக்கு நாளை இடம் என்பது நீதி அல்ல. பந்தியில் முதல் இலை, உழைத்தவருக்கே போட வேண்டும்.