மாணவர் மன்றம்: விளக்கு ஏறிய மலை

இப்பகுதியில் 'நாம்' என்று எழுதுவது பெருமை கருதியன்று. 'நான்' என்று எழுதினால் எந்தக் கல்லூரி, எந்த வகுப்பு, எத்தனையாவது இருக்கை என்பதைப் பேராசிரியர் எளிதிற் கண்டுகொள்வார். 'நாம்' என்னும் பன்மைக்குள் ஒரு வகுப்பே ஒளிந்துகொள்ளலாம். இத்திங்கள் எழுதப் புகுவது ஆங்கில வகுப்பின் அசைன்மெண்டைப் பற்றியாதலின், அந்த மறைவிடம் என்றையினும் இன்று மிகுதியாக வேண்டியிருக்கிறது.

அசைன்மெண்டு என்பதற்குத் தமிழ் யாது? 'ஒப்படைவு' என்கின்றனர் சிலர். நல்ல சொல்லே; ஆயினும் ஒப்படைக்க வேண்டிய நாளின் விடியற்காலை வரை எழுதத் தொடங்காத ஒன்றை ஒப்படைவு என்று கூற நமக்கு நா எழவில்லை. எம் பாட்டியைக் கேட்டோம். "கட்டளை என்று சொல்லேன்" என்றார். கோயில்களில் கட்டளை என்றால் அதற்குப் பொருள் தர ஒரு கட்டளைக்காரர் இருப்பார். இங்கே நகல் எடுக்கும் கடைக்காரருக்கும் நாமே காசு தரவேண்டியிருக்கிறது. ஆதலின் அசைன்மெண்டு என்றே வைத்துக்கொள்வோம்.

அதன் இலக்கணத்தைக் கல்லூரியிற் பயிலாதோர் பொருட்டுச் சுருங்கக் கூறுகிறோம். ஏ-நான்கு அளவுத் தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதல் வேண்டும். முதல் தாளில் தலைப்பும் பெயரும் பதிவெண்ணும் இடம்பெற வேண்டும். அத்தாளை அழகுபடுத்துவதில் எம் வகுப்புத் தோழியருள் ஒருத்தி செலவிடும் நேரத்தில் ஒரு குறுநாவலே எழுதிவிடலாம். அடுத்த தாளில் நன்றியுரை. கடவுள், பெற்றோர், பேராசிரியர், நண்பர் ஆகிய நால்வருக்கும் இந்த வரிசை பிறழாது நன்றி கூறப்படும். இவ்வளவும் கழித்தால் எஞ்சுவது இரண்டரைப் பக்கம். எங்கள் தெருவின் கோடியிற் கோயில் கொண்டிருக்கும் வராக மூர்த்தி பூமியையே கோட்டில் ஏந்திக் கடலினின்று மேலே கொணர்ந்தவர். அந்த இரண்டரைப் பக்கத்தை நாம் கரையேற்றும் இரவுகளில் அவரை நினையாதிருந்ததில்லை.

பொருளோ, பெரும்பாலும் நாம் காணாதது. இலையுதிர்காலத்து மாலையைப் பற்றி எழுதச் சொல்வர். திருவனந்தபுரத்தில் இடவப்பாதி மழையும் துலா மழையும் உண்டு, இலையுதிர்காலம் ஏது? ரப்பர் மரங்கள் மார்கழி தை மாதங்களில் இலையுதிர்ப்பதைக் கண்டிருக்கிறோம். ஆனால் எந்த ஆங்கிலக் கவிஞரும் ரப்பர்த் தோட்டத்தைப் பாடியதாகத் தெரியவில்லை. வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் மலர்கள் எம்மூர்ப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக ஆடிக்கொண்டேயிருக்கின்றன. அம்மலரை நேரிற் கண்ட மாணவர் எத்தனை பேர் இருப்பர்? ஸ்ரீவராகம் குளத்தங்கரையில் வளர்ந்த நமக்கு மஞ்சள் மலர் என்றால் அரளியும் கொன்றையுமே.

அக்கவிதையின் வரலாற்றைத் தேடுகையில் ஒரு செய்தி அறிந்தோம். கவிஞரும் அவர்தம் தங்கை டோரதியும் ஏரிக்கரையில் அம்மலர்களைக் கண்டது 1802 ஏப்ரல் 15ஆம் நாள். தங்கை அதைத் தம் நாட்குறிப்பில் அழகுற எழுதி வைத்தார். தமையனார் ஈராண்டு கழித்தே பாடினார். நூலில் வெளிவந்தது 1807இல். அக்கவிதையின் இரண்டு அடிகள் கவிஞரின் மனைவியார் தந்தவை என்றும் கூறுவர். வீட்டுப் பெண்டிர் கண்டதையும் சொன்னதையும் எழுதிப் புகழ்பெற்ற இவர், நன்றியுரைத் தாள் ஒன்று இணைத்திருந்தாரல்லர். எம் கல்லூரியாயின் அசைன்மெண்டைத் திருப்பி அனுப்பியிருப்பர்.

நிற்க. எம் கதைக்கு வருவோம். நாம் முதற்பருவத்தில் இருந்தபோது ஒரு திங்கட்கிழமை, முப்பத்தெட்டு மாணவரும் 'எனக்குப் பிடித்த இடம்' என்னும் கட்டுரையை ஒப்படைத்தோம். மறுவாரம் பேராசிரியை அவற்றை மேசைமீது அடுக்கி, ஒவ்வொன்றின் முதல் வாக்கியத்தையும் உரக்கப் படிக்கலானார். ஏழாவது கட்டுரைக்குள் வகுப்பிற்குச் செய்தி விளங்கிவிட்டது. எல்லா ஊர்களும் 'பழமையும் புதுமையும் கைகோக்கும்' ஊர்களாகவே இருந்தன. கோவளத்திற்கும் நெடுமங்காட்டிற்கும் ஒரே மணம், ஒரே அமைதி, ஒரே அந்தி. கேள்வியைத் தட்டினால் கட்டுரையை உமிழும் செயற்கை அறிவுப் பொறி முப்பத்தெட்டு வீடுகளிலும் அவ்விரவு ஊழியம் செய்திருந்தது. நம் வீட்டிலும் செய்தது என்பதை, 'நாம்' என்னும் பன்மையின் துணிவால், ஒப்புக்கொள்கிறோம்.

பேராசிரியை சினக்கவில்லை, அதுவே அச்சமூட்டியது. "அடுத்த அசைன்மெண்டு இது," என்றார். "உங்கள் வீட்டில் மூத்தவர் ஒருவர் நாள்தோறும் சொல்லும் மூன்று வாக்கியங்களை, அவர் சொன்னபடியே, ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எதிர்ப்பக்கத்தில் ஆங்கிலத்தில் தாருங்கள். ஆங்கிலத்திற்குள் வர மறுத்த சொல் எது என்று அடியில் எழுதுங்கள். உங்கள் பாட்டி என்ன சொல்வாள் என்பது அந்தப் பொறிக்குத் தெரியாது."

இது எளிதென்று எண்ணி மகிழ்ந்தோம். பாட்டி அம்பாசமுத்திரத்திற் பிறந்து, மணமாகி ஸ்ரீவராகம் வந்தவர். ஐம்பத்தைந்து ஆண்டுகளாக மலையாளம் பேசும் தெருவில் வாழ்ந்தும், காய்கறிக்காரரிடம் தமிழிலேயே பேரம் பேசி வெல்பவர். அன்று மாலையே மூன்று வாக்கியங்கள் அகப்பட்டன. கூடத்து விளக்கு எண்ணெயின்றி நின்றபோது, "வெளக்கு மலையேறியாச்சு" என்றார். அடுத்த வீட்டு அம்மாளின் மஞ்சட்சரடு அறுந்த செய்தி வந்தபோது, "சரடு பெருகிப் போச்சாம்" என்றார். நாம் கடைக்குப் புறப்பட்டு "போறேன்" என்றபோது, "போறேன்னு சொல்லாதே, போயிட்டு வரேன்னு சொல்லு" என்றார்.

ஆங்கிலப் பக்கம் இவ்வாறு அமைந்தது: விளக்கு ஒரு மலையின்மீது ஏறிவிட்டது. திருமணக் கயிறு செழித்து வளர்ந்துவிட்டது. நான் திரும்பி வந்துகொண்டிருக்கிறேன், ஆகையால் கிளம்புகிறேன். படித்துப் பார்த்த எம் தந்தையார், "இதை வாசிக்கும் வெள்ளைக்காரர் நம் வீட்டை மாயாபஜார் என்று கருதுவார்" என்றார்.

இவ்வழக்கிற்கு நம் இலக்கணத்தில் பெயர் உண்டு என்பது பின்னரே தெரிந்தது. மங்கலமல்லாததை மங்கலமாக மாற்றிச் சொல்வதை நன்னூல் தகுதி வழக்கின் மூவகையுள் ஒன்றாக வைத்து 'மங்கலம்' என்றே குறிக்கிறது. மற்றவை இடக்கரடக்கலும் குழூஉக்குறியும். செத்தார் என்னாது துஞ்சினார் என்பது போல, விளக்கை அணை என்னாது குளிர வை என்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அந்நூலைப் பாட்டி தொட்டதில்லை. ஆங்கிலேயரும் இறந்தாரைக் 'கடந்து சென்றார்' என்பர். ஆனால் ஓர் அகல்விளக்குக்கு அத்தனை மரியாதை செய்வதை அவர் மொழியில் நாம் கண்டதில்லை.

இடர் வேறிடத்தில் இருந்தது. எதிர்ப்பக்கத்தில் மூலத்தை எழுத வேண்டுமே! நாம் பள்ளியில் இரண்டாம் மொழியாகப் பயின்றது மலையாளம். வீட்டிற் பேசும் தமிழை எழுத்திற் காட்ட நமக்குத் தெரியாது; நாகர்கோயில் பேருந்துகளின் பெயர்ப்பலகை அளவே படிக்கத் தெரியும். ஆகவே பாட்டி சொல்லச் சொல்ல, அவர்தம் தமிழை மலையாள எழுத்தில் எழுதினோம். ழகரமும் றகரமும் அங்கும் உண்டாதலின் ஒலி ஒன்றும் கெடவில்லை. முடித்ததும் பெருமிதத்தோடு பாட்டியின் கையிற் கொடுத்தோம்.

அவர் கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டார். தாளைச் சற்றே எட்டப் பிடித்தார், அருகிற் கொணர்ந்தார். "இதிலே நான் சொன்னது எங்கேடி இருக்கு?" என்றார்.

ஐம்பத்தைந்து ஆண்டுகளில் மலையாளம் பேசக் கேட்டுப் புரிந்துகொள்ளக் கற்றாரேயன்றி, எழுத்தை அவர் கற்கவில்லை. இதோ, இந்த வரி, விளக்கு, என்று விரல் வைத்துக் காட்டினோம். அவரும் அந்த வரியின்மீது விரலை வைத்து, தடவிப் பார்த்து, தாளை மடித்துத் திருப்பித் தந்துவிட்டு அடுக்களைக்குச் சென்றார். பொறியே எழுதிய முதல் கட்டுரையைக் கொடுத்தபோது தோன்றாத வெட்கம் அப்பொழுது தோன்றிற்று.

இவ்வூருக்கு ஆங்கிலக் கல்வி வந்த வழியையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. சுவாதித் திருநாள் மகாராஜா 1834இல் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளி நிறுவியபோது, அதனை நடத்த நாகர்கோயிலில் பள்ளி நடத்திவந்த ராபர்ட்ஸ் என்பாரை வரவழைத்தார். மெக்காலேயின் புகழ்பெற்ற குறிப்பு கல்கத்தாவில் எழுதப்பெற்றது 1835 பிப்ரவரியில். எம்மூர் அதற்கு முந்திக்கொண்டது, அதுவும் நாஞ்சில் நாட்டு வழியாக. அப்பள்ளியே 1866இல் கல்லூரியாயிற்று. அங்கே தத்துவப் பேராசிரியராக விளங்கியவர் ஆலப்புழையிற் பிறந்த பெ. சுந்தரம் பிள்ளை அவர்கள். லிட்டன் பிரபு எழுதிய 'இரகசிய வழி' என்னும் ஆங்கிலக் கவிதைக் கதையை எடுத்து, பாண்டியனும் குடிலனும் சுந்தர முனிவரும் உலவும் தமிழ் நாடகமாக்கி, 1891இல் 'மனோன்மணீயம்' என வெளியிட்டார். ஆங்கில வகுப்பிற் படித்ததைக்கொண்டு இவ்வூரில் இதனினும் பெரிய அசைன்மெண்டை எவரும் ஒப்படைத்ததில்லை என்போம். அதன் தமிழ்த்தெய்வ வணக்கப் பகுதியே 1970இல் தமிழ்நாட்டு அரசு விழாக்களின் இறைவணக்கமாகவும், 2021இல் மாநிலப் பாடலாகவும் ஆயிற்று. நன்றியுரைத் தாளில் அவர் குறைவைக்கவில்லை. பேரூர்க்கடையில் இருந்த தம் இல்லத்திற்கே தம் ஆசிரியர் ஹார்வியின் பெயரைச் சூட்டினார். அவரே திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளைத் தேடித் தேடிப் படித்தவர். அவற்றுள் பல, தமிழ்மொழி வட்டெழுத்தில் வெட்டப்பெற்றவை. ஆகவே இந்நாட்டில் தமிழ் வேற்று எழுத்தின் வீட்டிற் குடியிருந்தது நம் தாளில்தான் முதன்முறை என்பதில்லை. இது ஆறுதலுக்காகச் சொல்லிக்கொள்வது. கல்வெட்டைச் சொன்னவரின் பேத்தி அதை அவரிடமே படிக்கக் கொடுத்ததாக எங்கும் காணோம்.

பின்னாளில், நகுலன் என்னும் பெயரில் எழுதிய டி. கே. துரைசுவாமி அவர்கள் இவ்வூர் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். எத்தனை ஆங்கிலத் தாள்களைத் திருத்திய கை அது! அக்கையே தமிழில் நாவலும் கவிதையும் எழுதிற்று. ஆங்கில வகுப்பு தமிழைக் கெடுக்கும் என்பாரிடம் இவ்விருவர் பெயரையும் சொல்லி வாதாடுவது நம் வழக்கம். ஆயின் அவ்விருவரும் தமிழ் எழுத்தறிந்து வகுப்பிற்குள் நுழைந்தவர் என்று எம் தந்தையார் திருப்பிக் கேட்டபோது நம் வாதம் மலையேறிவிட்டது.

மறுநாள் தொடங்கினோம். தமிழெழுத்துக் கற்பிக்கப் பாட்டியிடம் அரிச்சுவடி இல்லை. பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டி இறங்கிற்று. அவர் இளமையில் வார இதழ்களிலிருந்து தொடர்கதைகளைக் கிழித்தெடுத்துத் தைத்து வைத்த கட்டுகள் அதில் இருந்தன. அவற்றைக்கொண்டே எழுத்துக் கூட்டினோம். எம் நடை அறுபது ஆண்டுப் பழமை வாய்ந்ததாக இருக்கிறதே, இவர் மாணவர்தாமா என்று வாசகர் சிலர் ஐயுற்று எழுதியிருந்தனர். அதற்குக் காரணம் அத்தகரப்பெட்டியே. நாம் கற்ற தமிழில் இன்னும் 'பொத்தகசாலை'க்கு டிராம் வண்டியிற் செல்கின்றனர்.

மூன்று வாக்கியங்களைத் தமிழில் எழுத எமக்குப் பதினோரு நாள் பிடித்தது. ஒப்படைக்கும் நாள் கடந்தமையால் இரண்டு மதிப்பெண் குறைந்தது. 'வெளக்கு' என்பதை எவ்வாறு எழுதுவது என்று பாட்டிக்கும் நமக்கும் ஒரு மாலை முழுதும் வழக்கு நடந்தது. "விளக்குன்னு எழுதுடி, எழுத்திலே ஒழுங்கா இருக்கணும்" என்பது அவர் கட்சி. அவர் சொன்னபடியே இருத்தல் வேண்டும் என்பது கல்லூரியின் விதி. பேச்சில் அவர் வென்றார்; தாளில் விதி வென்றது.

பேராசிரியை தாளைத் திருப்பித் தந்தபோது சிவப்பு மையில் ஒரே கேள்வி எழுதியிருந்தார்: 'எந்த மலை?'

அதைப் பாட்டியிடம் சொன்னோம். அவர் சற்றும் தயங்கவில்லை. "எங்க ஊர் மலைதான். சாயங்காலம் சூரியன் அங்கேதானே ஏறிப் போகும்?" என்றார். அம்பாசமுத்திரத்தார்க்கு மேற்கே அகத்தியமலை. கதிரவன் மலைக்குப் பின்னே சென்றால் வீடுகளில் விளக்கேற்றுவர். 1,868 மீட்டர் உயரமுள்ள அதே மலை எங்களுக்குக் கிழக்கே இருக்கிறது. இங்கே கதிரவன் அதனின்று எழுந்து வந்து சங்குமுகத்துக் கடலில் மறைகிறான். மணமாகி வந்த புதிதில், மாலையில் எப்பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றதுண்டு என்றார் பாட்டி. ஐம்பத்தைந்து ஆண்டில் அவர் இதைச் சொல்லி நாம் கேட்டது அதுவே முதல்முறை.

அக்கேள்விக்கு விடையாக ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தோம். மதிப்பெண் கூடவில்லை, இறுதிநாள் கடந்தபின் கூட்ட விதியில்லையாம். தாளின் பிரதி ஒன்றைப் பாட்டி கேட்டு வாங்கித் தம் தகரப்பெட்டியில் வைத்துக்கொண்டார், முதலில் மூன்று எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டு.

இப்பருவத்து அசைன்மெண்டு வரும் வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். பொருள், இலையுதிர்காலம்.